பக்கத்துச் சுருள் இழுக்குமா?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மூன்றாம் அலகு முடிந்து நான்காம் அலகு தொடங்கிய வாரம் அது. முந்தைய பாடத்தை நினைவூட்டுவதற்காகக் கரும்பலகையில் ஒரு வரிச்சுருளை வரைந்து, 'உள்ளே காந்தப்புலம் சீரானது. வெளியே சுழி' என்று எழுதினேன். தென்னேரியிலிருந்து வரும் மாணவி ஒருவர் கையை உயர்த்தினார்.

"சார், எங்க தறி மேல இருக்கிற பெட்டிக்குள்ள இதே மாதிரி சுருளுங்கதான் வரிசையா இருக்கு. ஒண்ணு வேலை செய்யும்போது பக்கத்துல இருக்கிற ஊசியும் சில நேரம் தானா ஏறிடுது. காந்தம் பக்கத்துக்குப் பாயுதுன்னு அப்பா சொல்றார். நீங்க வெளியே சுழின்னு எழுதியிருக்கீங்களே?"

"நீளமான வரிச்சுருளுக்கு வெளியே புலம் இருக்காதும்மா. அதனால அப்படி நடக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மாலையில் யோசித்தபோது அந்தப் பதில் உறுத்தியது. பாடநூலில் உள்ள நீண்ட வரிச்சுருள் ஓர் இலட்சிய வரிச்சுருள். தறியில் இருப்பது விரல் நீளச் சுருள். மேலும், அந்த வீட்டுக்கு இது தேர்வு வினா அல்ல. பட்டுச் சேலையின் கரையில் ஓர் இழை தவறி ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். கூலியில் பிடித்தம் விழும்.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது முழுமையான பதில் இல்லை. எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்றேன். அடுத்த இரண்டு வாரங்களில் நாங்கள் செய்ததன் சுருக்கமே இக்கட்டுரை. ஒரு வரிச்சுருளுக்கு அருகே வேறொரு காந்தப்புலமோ வேறொரு சுருளோ இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பாடநூல் சில வரிகளில் கடந்து செல்கிறது. மாணவர்கள் அதிகம் குழம்பும் இடமும் அதுவே.

தறியின் மேல் உள்ள பெட்டி

காஞ்சிபுரம், வாலாஜாபாத் பகுதி ஆசிரியர்களுக்குத் தறியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்ற மாவட்ட நண்பர்களுக்காகச் சில வரிகள். பாவு இழைகளில் எவை மேலே ஏற வேண்டும், எவை கீழே நிற்க வேண்டும் என்பதே நெசவில் உருவத்தைத் தீர்மானிக்கிறது. ஏறிய இழைகளுக்கும் நின்ற இழைகளுக்கும் இடையே ஊடை செல்கிறது. பூ, மயில், அன்னம் போன்ற உருவங்களுக்கு ஒவ்வோர் ஊடைக்கும் வேறு வேறு இழைகள் ஏற வேண்டும். இதைத் தானாகச் செய்யும் கருவியைப் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கினார். துளையிட்ட அட்டைகள் வரிசையாக வரும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதனோடு இணைந்த கொக்கி தன் இழைகளைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், கொக்கி விலகிவிடும், இழை ஏறாது.

மின்னணு ஜக்கார்டில் அட்டை இல்லை. டிசைன் கணினியில் தயாராகி நினைவகத்தில் இருக்கிறது. அட்டையின் துளை செய்த வேலையைச் சிறு மின்காந்தச் சுருள் செய்கிறது. மின்னோட்டம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு இழுபடும்; நின்றால் ஸ்பிரிங் அதைத் திருப்பி அனுப்பும். வடிவமைப்பு கருவிக்குக் கருவி மாறும். ஆனால், நிறையச் சுருள்கள் சிறிய இடத்தில் நெருங்கி நிற்பது பொதுவானது. ஆகவே, 'பக்கத்துச் சுருள் இழுக்குமா?' என்பது நியாயமான கேள்வி.

'சுழி' என்பது எவ்வளவு?

முதலில் ஒரு சுருளைச் செய்தோம். வீட்டு மின்கம்பிகள் செல்லும் 20 மி.மீ. பிவிசி குழாயில் 10 செ.மீ. நீளத்துக்கு, மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய 0.4 மி.மீ. தடிமன் தாமிரக் கம்பியை 500 சுற்றுகள் அடுக்கடுக்காகச் சுற்றினோம். சுமார் 31 மீட்டர் கம்பி. மின்தடை ஏறத்தாழ 4 ஓம். பேட்டரி எலிமினேட்டரில் 2 வோல்ட் வைத்தால் அரை ஆம்பியர் பாயும்.

உள்ளே உள்ள புலத்தைக் கணக்கிடும் வாய்பாட்டை மாணவர்கள் அறிவார்கள்: வெற்றிடத்தின் உட்புகுதிறன், ஒரு மீட்டருக்கான சுற்றுகள், மின்னோட்டம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். ஒரு மீட்டருக்கு 5000 சுற்றுகள், மின்னோட்டம் 0.5 ஆம்பியர் எனில் விடை சுமார் 3.1 மில்லிடெஸ்லா. நம் பகுதியில் புவிக் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அதாவது, சுருளின் உள்ளே புவியின் புலத்தைப் போல ஏறத்தாழ 80 மடங்கு.

இனி வெளியே. சுருளை ஒரு சட்டக் காந்தமாகக் கருதி, அதன் நடுப்புள்ளியிலிருந்து பக்கவாட்டில் 5 செ.மீ. தொலைவில் புலத்தைக் கணக்கிட்டால் சுமார் 22 மைக்ரோடெஸ்லா கிடைக்கிறது. உள்ளே இருப்பதில் ஏறத்தாழ 140-இல் ஒரு பங்கு. உள்ளிருக்கும் புலத்தோடு ஒப்பிட்டால் இதைச் சுழி எனலாம். புவிப் புலத்தோடு ஒப்பிட்டால் இது பாதிக்கும் மேல்! 'சுழி' என்று எழுதும்போது, எதனோடு ஒப்பிட்டுச் சுழி என்று சொல்லாமல் விட்டதே என் தவறு.

இதைச் சோதிப்பது எளிது. சுருளின் அச்சு கிழக்கு மேற்காக இருக்கும்படி மேசையில் வையுங்கள். அதன் நடுவிலிருந்து வடக்கே 5 செ.மீ. தள்ளித் திசைகாட்டியை வையுங்கள். மின்னோட்டம் பாய்ந்ததும் ஊசி விலகும். சுருளின் புலமும் புவியின் புலமும் அங்கே செங்குத்தாக இருப்பதால், விலகு கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு 22-ஐ 40-ஆல் வகுக்கக் கிடைப்பது. கோணம் சுமார் 29 பாகை. எங்கள் மாணவர்களுக்கு 25-க்கும் 30-க்கும் இடையே கிடைத்தது. 10 செ.மீ. தொலைவுக்கு நகர்த்தினால் கணக்குப்படி 8 பாகைதான். தொலைவு இருமடங்கானதும் புலம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இந்த வேகமான தேய்வை மாணவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால், 'பக்கத்தில்' என்ற சொல்லுக்கு எத்தனை செ.மீ. என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

இங்கே நம் மாநிலத்துக்கு ஒரு வசதி உண்டு. காந்த நடுவரை இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், நம் பகுதியில் புவிப் புலம் ஏறக்குறைய கிடைமட்டமாகவே இருக்கிறது. எனவே, கிடைமட்டக் கூறு வேறு, மொத்தப் புலம் வேறு என்ற சிக்கல் இந்தக் கணக்கில் பெரிதாகக் குறுக்கிடாது.

நிலையான புறப்புலம்: எதைச் செய்யும், எதைச் செய்யாது?

மின்னோட்டம் பாயும் வரிச்சுருளின் அருகே ஒரு நிலையான காந்தத்தைக் கொண்டுவந்து வைத்தால் மின்னோட்டம் கூடுமா, குறையுமா? இக்கேள்வியை உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் 'கூடும்', மற்றவர்கள் 'குறையும்' என்றனர். 'மாறாது' என்றவர்கள் இருவர் மட்டுமே.

சரியான விடை 'மாறாது'. காந்தம் நகரும் நேரத்தில் மட்டும் சுருளோடு தொடர்புடைய காந்தப்பாயம் மாறுகிறது. அப்போது மட்டும் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. காந்தம் அசையாமல் நின்றதும் மின்னோட்டம் மீண்டும் மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்த பழைய மதிப்புக்கே வந்துவிடும். ஓம் விதியில் புறக் காந்தத்துக்கு இடமில்லை.

அப்படியானால் நிலையான புறப்புலத்தால் எந்த விளைவும் இல்லையா? இருக்கிறது. மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, புலங்கள் வெக்டராகக் கூடுகின்றன. சுருளின் உள்ளே 3.1 மில்லிடெஸ்லா இருக்கும்போது, அதே திசையில் 1 மில்லிடெஸ்லா புறப்புலம் வந்தால் மொத்தம் 4.1, எதிர்த்திசையில் வந்தால் 2.1. குறுக்காக வந்தால் பிதாகரஸ் தேற்றப்படி சுமார் 3.3. சுருள் தரும் பங்கு எல்லா நிலையிலும் அதே 3.1 தான்.

இரண்டாவது, சுருளின் மீது திருப்புவிசை செயல்படுகிறது. சுற்றுகள், மின்னோட்டம், பரப்பு ஆகியவற்றின் பெருக்கற்பலனே சுருளின் காந்தத் திருப்புத்திறன். நம் சுருளுக்கு அது சுமார் 0.08 ஆம்பியர் சதுர மீட்டர். புவிப் புலத்தில் கிடைக்கும் பெருமத் திருப்புவிசை 3 மைக்ரோ நியூட்டன் மீட்டர், 10 செ.மீ. நீளக் கையின் நுனியில் 3 மில்லிகிராம் எடை தொங்குவதற்குச் சமம். மின்னோட்டம் பாயும் சுருளைத் தொங்கவிட்டு வடக்கு தெற்காக நிற்க வைக்கும் சோதனை பல பள்ளிகளில் சரியாக வராததற்குக் காரணம் இதுதான். இணைப்புக் கம்பியின் விறைப்பே இந்தத் திருப்புவிசையைத் தடுத்துவிடும். மெல்லிய பல இழைக் கம்பியால் தொங்கவிடுங்கள்.

மூன்றாவது, புறப்புலம் சீராக இருந்தால் சுருளைத் திருப்புமே தவிர, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இழுக்காது. இழுப்பதற்குப் புலம் இடத்துக்கு இடம் மாற வேண்டும். சட்டக் காந்தத்தின் முனைக்கு அருகே அப்படி மாறுவதால்தான் அது இழுக்கிறது.

இரும்பு உள்ளே வந்தால்

காற்று உள்ளகச் சுருளின் தன் மின்தூண்டல் எண் அதன் வடிவத்தையும் சுற்றுகளையும் மட்டுமே பொறுத்தது. நம் சுருளுக்கு அது சுமார் 1 மில்லிஹென்றி. புறப்புலம் எவ்வளவு வந்தாலும் இது மாறாது. இரும்புத் தண்டை உள்ளே வைத்தால் கதை மாறுகிறது. இரும்பு ஓரளவுக்கு மேல் காந்தமாக முடியாது; ஏறத்தாழ 2 டெஸ்லாவை நெருங்கும்போது தெவிட்டு நிலை அடைகிறது. வலுவான புறப்புலம் இரும்பை ஏற்கெனவே தெவிட்டு நிலைக்குக் கொண்டுபோய்விட்டால், சுருளின் மின்னோட்டம் கூடுதலாக எதையும் செய்ய முடியாது. மின்தூண்டல் எண் குறைந்துவிடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் வலுவான காந்தப்புலம் பொதுவாக எப்போதும் இருக்கும். இரும்பு உள்ளகச் சுருள்களால் இயங்கும் சாதாரண வால்வு, ரிலே உள்ள கருவிகளை அந்த அறைக்குள் அனுமதிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு எளிய சோதனை ஒன்று. சுருளின் உள்ளே இரும்பு போல்ட்டை நுழைத்து, ஒரு முனையில் எத்தனை குண்டூசிகள் ஒட்டுகின்றன என்று எண்ணுங்கள். பிறகு, மறுமுனைக்கு அருகே ஒரு சட்டக் காந்தத்தைக் கொண்டுவந்து நிறுத்தி மீண்டும் எண்ணுங்கள். காந்தத்தின் எந்த முனையைக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் குண்டூசிகள் கூடும் அல்லது உதிரும். இரண்டு நேரத்திலும் அம்மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் அதே இடத்தில் நிற்கும். விசை மாறுகிறது, மின்னோட்டம் மாறவில்லை. இந்த ஒரு காட்சி, பல பக்க விளக்கத்துக்குச் சமம்.

மாறும் புலம்: பரிமாற்று மின்தூண்டல்

பக்கத்துச் சுருளில் மின்னோட்டம் மாறும்போதுதான் பரிமாற்று மின்தூண்டல் வருகிறது. இதைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடேயே தொடக்கத்தில் நம் மாணவர்களைப் போலத்தான் எதிர்பார்த்தார். மின்னோட்டம் காந்தத்தைத் தருமென்றால், காந்தம் நிலையான மின்னோட்டத்தைத் தர வேண்டும் என்று 1820-களில் முயன்று வெற்றி பெறவில்லை. 1831 ஆகஸ்டு 29 அன்று, ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சுருளைப் பேட்டரியோடு இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டும் மறுபக்கத்து ஊசி அசைந்தது. இடையில் அசைவே இல்லை. இயற்கை சொன்ன விடை 'காந்தப்பாயம் இருந்தால்' என்பது அல்ல. 'காந்தப்பாயம் மாறினால்' என்பது.

இரண்டாம் சுருளில் தூண்டப்படும் மின்னியக்கு விசை, பரிமாற்று மின்தூண்டல் எண்ணையும் முதல் சுருளில் மின்னோட்டம் மாறும் வீதத்தையும் பெருக்கினால் கிடைக்கும். பாடநூல், ஒரே அச்சில் ஒன்றின் உள் ஒன்றாக அமைந்த இரு நீண்ட வரிச்சுருள்களுக்கு இந்த எண்ணைத் தருவிக்கிறது. நம் முதல் சுருளின் மேலேயே இன்னொரு 500 சுற்றுகளைச் சுற்றினால் அது சுமார் 1 மில்லிஹென்றி. முதல் சுருளில் 0.5 ஆம்பியர், பத்தாயிரத்தில் ஒரு நொடியில் சுழியானால், மாறும் வீதம் நொடிக்கு 5000 ஆம்பியர். தூண்டப்படுவது 5 வோல்ட்.

அதே போன்ற சுருளை வேறொரு குழாயில் சுற்றி, 5 செ.மீ. பக்கவாட்டில் இணையாக வைத்தால்? முதல் சுருளின் சிதறு புலம் இரண்டாம் சுருளின் நீளம் முழுவதும் சராசரியாக 17 மைக்ரோடெஸ்லா. அதிலிருந்து கணக்கிட்டால் பரிமாற்று மின்தூண்டல் எண் சுமார் 5 மைக்ரோஹென்றி. ஒன்றின் மேல் ஒன்று சுற்றியதோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 200-இல் ஒரு பங்கு. அதே நொடிக்கு 5000 ஆம்பியர் மாற்றத்துக்குத் தூண்டப்படுவது சுமார் 25 மில்லிவோல்ட் மட்டுமே. அதே கம்பி, அதே சுற்றுகள், அதே மின்னோட்டம். இருக்கும் இடம் மட்டும் வேறு.

ஊரின் மின்மாற்றியில் 11,000 வோல்ட் பக்கமும் 433 வோல்ட் பக்கமும் ஒரே இரும்பு உள்ளகத்தைப் பகிர்ந்துகொள்வது ஏன் என்பதற்கும் இதுவே விடை. பரிமாற்றம் வேண்டுமென்றால் இரும்பைப் பொதுவாக்க வேண்டும். வேண்டாமென்றால் சுருள்களை விலக்கலாம், ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பலாம், அல்லது ஒவ்வொன்றின் பாயமும் வெளியே சிதறாமல் திரும்பிவர இரும்புச் சட்டம் அமைக்கலாம்.

ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கத்துச் சுருள் மூடிய சுற்றாக இருந்தால் அதில் பாயும் தூண்டு மின்னோட்டம் லென்ஸ் விதிப்படி எதிர்க்கும். அதனால் முதல் சுருளின் பயனுறு மின்தூண்டல் எண் குறையும். மின்னோட்டம் ஏறும் வேகம் மாறும். ஆனால், ஏறி முடித்த பின் நிற்கும் இறுதி மதிப்பு மாறாது. பரிமாற்று மின்தூண்டல் 'எவ்வளவு' என்பதை அல்ல, 'எவ்வளவு விரைவாக' என்பதையே மாற்றுகிறது. நம் சுருளின் மின்தூண்டல் எண்ணை மின்தடையால் வகுத்தால் கால் மில்லிநொடி. அதைப் போல ஐந்து மடங்கு நேரத்தில், அதாவது ஒன்றேகால் மில்லிநொடியில், மின்னோட்டம் ஏறக்குறைய முழு மதிப்பை எட்டிவிடும். இந்த விளைவுகள் எல்லாம் அந்தச் சிறு நேரத்துக்குள் நடந்து முடிபவை.

தறிக்குத் திரும்புவோம்

இந்தக் கணக்குகளோடு மாணவியின் கேள்விக்கு வந்தோம். எங்கள் சுருளும் தறியில் உள்ள சுருளும் ஒன்றல்ல. அவை சிறியவை, இரும்புத் தண்டு கொண்டவை, மேலும் நெருக்கமானவை. எனவே எண்கள் மாறும். ஆனாலும் அளவின் எல்லையை நிர்ணயிக்க முடியும்.

சுருள் இரும்புத் தண்டை இழுக்கும் விசை, ஏறக்குறையப் புலத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். பக்கத்துச் சுருளிலிருந்து வரும் சிதறு புலம் முழுப் புலத்தில் 5 விழுக்காடு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் பாயாத சுருளில் அது தரும் இழுவை, முழு இழுவையில் 0.05-இன் இருமடி, அதாவது 0.25 விழுக்காடு. ஸ்பிரிங்கை வெல்ல இது போதாது. தூண்டப்படும் மின்னழுத்தமோ ஒரு மில்லிநொடி அளவில் மறைந்துவிடும். அதற்குள் தண்டு நகர முடியாது. ஆக, சும்மா இருக்கும் ஊசியைப் பக்கத்துச் சுருள் தூக்கிவிடும் என்ற சந்தேகம் கணக்கில் நிற்கவில்லை.

சுவையான ஒன்று வேறு இடத்தில் இருந்தது. அருகருகே இணையாக நிற்கும் இரு சுருள்களிலும் ஒரே திசையில் மின்னோட்டம் பாய்ந்தால், ஒன்றின் சிதறு புலம் மற்றதன் உள்ளே எதிர்த்திசையில் நுழைகிறது. அதே 5 விழுக்காடு இப்போது புலத்தை 0.95 ஆக்குகிறது, விசை 0.90 ஆகிறது. பத்து விழுக்காடு இழப்பு! அதாவது, நெருங்கி நிற்கும் சுருள்களால் வரக்கூடிய ஆபத்து, ஏறக்கூடாத ஊசி ஏறுவது அல்ல. ஏற வேண்டிய ஊசி ஏறாமல் போவதுதான். அப்பா சொன்னதற்கு நேர் எதிர். சுருள்களைச் சுற்றி இரும்புச் சட்டம் வைப்பதன் பயன் மாணவர்களுக்கு இப்போது தானாக விளங்கியது.

"அப்ப எங்க ஊசி ஏன் சார் ஏறுது?" என்று அந்த மாணவி விடவில்லை. கேள்வியை வகுப்பிடமே விட்டேன். கரையில் ஓடும் உருவத்தின் சாய்ந்த கோட்டில் தவறு அதிகம் வருவதாக அவர் சொன்னார். சாய்ந்த கோட்டில் இந்த ஊடைக்கு ஓர் ஊசி, அடுத்த ஊடைக்கு அதன் பக்கத்து ஊசி என வரிசையாக ஏறும். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர், "பக்கத்து ஊசி ஏறினதால இது ஏறலையோ என்னவோ. போன தடவ ஏறினது இறங்காமலே நிக்குதோ?" என்றார். வகுப்பு அமைதியானது.

இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும். பிரித்தறிய ஒரு சோதனை வேண்டும். மாணவி தன் அப்பாவிடம் சொல்ல, டிசைன் போடும் இடத்தில் சில ஊடைகள் மட்டும் கொண்ட இரு சிறு டிசைன்கள் தயாராயின. முதல் டிசைனில் அந்த ஊசிக்கு வேலையே இல்லை. பக்கத்து ஊசிகள் மட்டும் ஏறும். இரண்டாவதில் அந்த ஊசி ஓர் ஊடைக்கு ஏறும். அடுத்த ஊடைக்கு எதுவும் ஏறக் கூடாது. முதலாவதை ஓட்டியபோது ஒரு தடவைகூட அந்த ஊசி ஏறவில்லை. இரண்டாவதில், எதுவும் ஏறக் கூடாத ஊடையில் பல முறை அது மேலேயே நின்றது. பக்கத்துச் சுருள் குற்றவாளி இல்லை என்பது உறுதியானது.

இறங்காமல் நிற்க இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரும்புத் தண்டில் மின்னோட்டம் நின்ற பிறகும் எஞ்சும் காந்தத்தன்மை ஒன்று. தண்டு நகரும் வழியில் உராய்வு மற்றொன்று. எங்கள் சோதனையால் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. பழுது பார்ப்பவர் பெட்டியைத் திறந்தபோது எண்ணெயோடு பட்டுப் பஞ்சும் சரிகைத் தூளும் சேர்ந்து அந்தத் தண்டின் வழியில் படிந்திருந்தது. துடைத்ததும் கோளாறு நின்றது. சுருள் தொகுதியையே மாற்ற வேண்டியிருக்குமோ என்று அந்த வீட்டில் பயந்திருந்தார்கள்; அந்தச் செலவு தேவைப்படவில்லை.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

இரண்டு சுருள்களையும் பக்கவாட்டில் வைத்து, ஒன்றைக் கால்வனாமீட்டரோடு இணைத்துச் சாவியை மூடித் திறந்தபோது எங்களுக்கு முள் அசையவே இல்லை. மாணவர்கள் சோதனை தோற்றது என்றார்கள். தோற்கவில்லை, 5 மைக்ரோஹென்றி என்பது அவ்வளவு சிறியது. ஒன்றின் மேல் ஒன்று சுற்றிய சுருளில் முள் லேசாக உதறியது. இரும்பு போல்ட்டை நுழைத்ததும் நன்றாகவே உதறியது. இந்த மூன்று நிலைகளையும் இதே வரிசையில் செய்து காட்டுங்கள். முதலிலேயே இரும்பை நுழைத்துவிட்டால், இடமும் இரும்பும் செய்யும் வேலை மாணவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

சாவி மூடியிருக்கும் நேரம் முழுவதும் முள் சுழியில் நிற்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். மூடும்போது ஒரு பக்கம், திறக்கும்போது மறுபக்கம் உதறுவதைக் கொண்டு லென்ஸ் விதியைக் கேளுங்கள்.

பாதுகாப்பையும் மறக்க வேண்டாம். 0.5 ஆம்பியர் ஒரு மைக்ரோநொடியில் அறுபட்டால், 1 மில்லிஹென்றி சுருளில்கூடக் கணக்குப்படி 500 வோல்ட் தூண்டப்படும். சாவியில் தெறிக்கும் சிறு பொறி அதன் அடையாளமே. சுருளோடு பக்க இணைப்பில் ஒரு டையோடை எதிர்த்திசையில் இணைத்தால் பொறி அடங்கும். சுருள்களை இயக்கும் மின்னணுச் சுற்றுகளில் இந்த டையோடைப் பரவலாகக் காணலாம். நேரடி வீட்டு மின்சாரத்தை இந்தச் சோதனைகளுக்கு எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. சுருள் சூடாகும் என்பதால் சாவியைச் சில நொடிகளுக்கு மேல் மூடி வைக்கவும் வேண்டாம்.

சிந்தனைக்கு மூன்று வினாக்கள். ஒரே மாதிரியான இரு சுருள்களைத் தொடரிணைப்பில் இணைத்து அருகருகே வைத்தால், மொத்த மின்தூண்டல் எண் இரு மடங்குதானா? ஒன்றின் முனைகளை மாற்றி இணைத்தால் விடை ஏன் மாறுகிறது? இரு சுருள்களையும் செங்குத்தாக வைத்து அறவே பரிமாற்றம் இல்லாத நிலையைக் கண்டறிய முடியுமா?

அந்த வகுப்புக்குப் பிறகு நான் கரும்பலகையில் 'வெளியே சுழி' என்று எழுதுவதில்லை. 'உள்ளே இருப்பதோடு ஒப்பிட, வெளியே மிகக் குறைவு' என்று எழுதுகிறேன். நீளம் சற்றுக் கூடிய வாக்கியம்தான். ஆனால், வீட்டில் தறி வைத்திருக்கும் ஒரு குழந்தை அதை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்க்க முடிகிறது. உங்கள் ஊரிலும் ஏதோ ஒரு பட்டறையில், பம்புசெட்டில், மிக்ஸியில் ஒரு சுருள் இருக்கும். அடுத்த முறை இந்தப் பாடத்தைத் தொடங்கும் முன், "உங்க வீட்டில சுருள் எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.